அறுபது துலிப் கிழங்கும் ஒரு சுத்தமான ஃபிரிட்ஜும்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை, நான் இட்லிக்கு உட்கார்ந்த நேரத்தில் அபுதாபியிலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அனுப்பியவர் பாண்டியன். முசஃபா தொழிலாளர் கேம்பில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவர், இப்போது ஒரு வில்லாவில் தோட்டக்காரர்.

"அண்ணே, எங்க மேடம் துலிப் வேணும்னு ஒரு பெட்டி கிழங்கை வாங்கியாந்து கையில குடுத்துட்டாங்க. பாக்க வெங்காயம் மாதிரி இருக்கு. நம்ம ஊர்ச் சம்பங்கி மாதிரி மண்ணுல சொருகி வச்சிரலாமா? நீங்க ஒரு தடவை பண்ணுனீங்கன்னு சொல்றாங்களே, என்னதான் பண்ணுனீங்க?"

குரல்செய்தியிலேயே பதில் சொல்லிப் பார்த்தேன். பதினொரு நிமிடம் பேசியும் கிழங்கு இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி, "எழுதிக் குடுத்துருங்க. கேக்குறவருக்கு உருப்படியா இருக்கும், எனக்கும் காது மிச்சமாகும்" என்றாள். எழுதுகிறேன்.

எனக்குத் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. எந்தச் செடிக்கு எப்போது உரம் வைத்தேன், எந்த வாரம் மாவுப்பூச்சி வந்தது, எந்த நாளில் குழாய் வெடித்தது, எல்லாம் குறிப்பேட்டில் இருக்கும். வளைகுடாவில் இருந்த காலத்துக்கு மட்டும் இருபத்திரண்டு குறிப்பேடுகள். இந்தியா திரும்பியபோது விமான நிலையத்தில் பெட்டி எடை கூடிவிட்டது. எதை எடுத்து வெளியே வைப்பது என்று கேட்டார்கள். பால்பவுடர் டின்களை வெளியே வைத்தேன். அதற்காக வீட்டில் வாங்கிய வசவு குறிப்பேட்டில் இல்லை, ஆனால் நினைவில் இருக்கிறது.

தொழில் கற்ற கதையைச் சுருக்கிவிடுகிறேன். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து போனவன். பூ தெரியும், வெயில் தெரியும், அரபி தெரியாது. முதல் பன்னிரண்டு வருடம் ஒரு கம்பெனியில் சாலையோரத்துக்குப் பெட்டூனியா நட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை தட்டு என்று கணக்கு. பூவின் முகத்தைப் பார்க்க நேரம் கிடையாது, முதுகைத்தான் பார்ப்போம். பிறகு ஒரு வீட்டு விசா கிடைத்தது. அபுதாபி நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய வில்லா. நான் எழுதப்போவதெல்லாம் அந்த வீட்டில் நடந்ததுதான்.

வீட்டுக்கு மூத்தவர் உம் சயீத். சயீத்தின் அம்மா என்று பொருள். அங்கே பெண்களை மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் மரியாதையாக அழைப்பார்கள். நான் மேடம் என்பேன். எழுபதைத் தாண்டியவர், கையில் ஒரு கைத்தடி. தினமும் மாலைத் தொழுகையான அஸர் முடிந்து நாலரை மணிக்குத் தோட்டத்துக்கு வருவார். நான் மூன்றடி பின்னால் நடக்க வேண்டும். பேசமாட்டார். தடியின் நுனி ஓர் இலையைத் தொட்டால் அங்கே பூச்சி இருக்கிறது. தரையைத் தட்டினால் தண்ணீர் அதிகம். செடியைத் தாண்டிப் போய் மறுபடி ஓர் அடி பின்னால் வந்தால், என் பாடு தீர்ந்தது.

அவரிடம் காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். விரல் உயர்ந்திருக்கும்வரை நாம் வாய் திறக்கக்கூடாது. விரல் இறங்கும்போது கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை?" எத்தனை செடி செத்தது, எத்தனை நாள் தண்ணீர் விடவில்லை, எத்தனை மிச்சம். அரபியும் உருதுவும் கலந்து நான் நெய்து வைத்திருக்கும் அரை மணி நேர விளக்கமெல்லாம் ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும். எண்களை எழுதிவைப்பவன் என்பதால் எனக்கு அவரைப் பிடித்தது. அவருக்கும் என்னைப் பிடித்ததா என்று தெரியாது. பாராட்டமாட்டார். பிடித்திருந்தால் சமையல்கட்டிலிருந்து ஒரு சின்னக் கோப்பை கஹ்வா, அதாவது அரபிக் காப்பி, வரும். பத்து வருடத்தில் முப்பத்தேழு கோப்பைகள்.

மகன் சயீத் நகரத்தில் தனி வீட்டில் இருந்தார். என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் அவர்தான். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா தொழுகை முடிந்து அம்மா வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கரண்டி. சாப்பிட்டு முடித்ததும் "யல்லா" என்று கிளம்பிவிடுவார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

துலிப் வந்த வருடம் செப்டம்பர் கடைசி வெள்ளி, கையில் ஒரு சுருளோடு வந்தார். புல்வெளியில் விரித்துக் காட்டினார். பிளாஸ்டிக் புல். நிஜப் புல்லைவிடப் பச்சையாக இருந்தது.

"தண்ணீர் வேண்டாம், மருந்து வேண்டாம். சுவரோரம் பிளாஸ்டிக் பூச்செடி. பத்து வருடம் அப்படியே இருக்கும்" என்றார் அம்மாவிடம். என் பக்கம் திரும்பி, "ராஜு, உன் விசா மார்ச்சில் முடிகிறது, இல்லையா?" என்றார். எனக்குப் பெயர் தங்கராசு. அந்த நேரத்தில் திருத்துவதற்குத் தோன்றவில்லை.

மேடம் தடியால் அந்தப் புல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய தங்கை மகள் ஹாலந்து போய்விட்டு வந்தபோது கொண்டுவந்தது. உள்ளே அறுபது துலிப் கிழங்குகள்.

"இது பூக்கும்" என்றார்.

சயீத் சிரித்துவிட்டார். "இந்த ஊரிலா? அம்மா, அது பனி பெய்யும் இடத்துச் செடி."

"பூத்தால்?"

"ஒரே ஒரு பூ விரியட்டும். பிளாஸ்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பிப்ரவரி கடைசி வெள்ளி வரைக்கும் நேரம். மொட்டு என்று காட்டக்கூடாது, விரிந்திருக்க வேண்டும்."

"கலாஸ்" என்றார் மேடம், பேச்சு முடிந்தது என்பதுபோல. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதாவது, அந்தப் பூவைக் கொண்டுவர வேண்டியவன் நான். தோட்டமும் என் விசாவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. புது இடத்தில் புது விசா யாரும் கொடுக்கமாட்டார்கள். சின்னவனுக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

துலிப்பைப் பற்றி நான் படித்திருந்தேன். நடு ஆசியாவின் மலைகளில் தானாக முளைத்து, துருக்கிச் சுல்தான்களின் தோட்டத்துக்கு இறங்கி வந்து, அங்கிருந்து ஹாலந்துக்குப் போய்ப் பணக்காரர்களைப் பைத்தியமாக்கிய பூ. சரித்திரம் முழுக்கத் தெரிந்தது. நடத்தான் தெரியவில்லை. பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. டச்சு மொழியில் எழுத்து, கூடவே நான்கு படங்கள். முதல் படம், வெப்பமானி. ஐந்து டிகிரி. இரண்டாவது, காலண்டர். பதினான்கு வாரம். மூன்றாவது, ஓர் ஆப்பிள், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. நான்காவது, முனை மேலே பார்த்து நட்ட கிழங்கு.

புரிந்துவிட்டது. கிழங்குக்குக் குளிர்காலம் வேண்டும். ஊரில் குளிர்காலம் இல்லை, ஆனால் ஃபிரிட்ஜ் இருக்கிறது. குறிப்பேட்டில் நான்கு விதிகளையும் எழுதினேன். மூன்றாவது விதியை இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆப்பிளைப் போலக் கடித்துத் தின்னக்கூடாது. (யார் தின்னப்போகிறார்கள்?)"

பின்கட்டில், என் ரூமுக்கும் டிரைவர் சேவியர் ரூமுக்கும் நடுவில் ஒரு ஸ்டோர் ரூம். அங்கே ஒரு பழைய ஃபிரிட்ஜ் சும்மா நின்றது. மேடத்திடம் கேட்டு வாங்கிக் கழுவித் துடைத்து, அறுபது கிழங்கையும் பன்னிரண்டு பன்னிரண்டாக ஐந்து காகித டப்பாவில் போட்டு, அக்டோபர் முதல் திங்கள் காலை உள்ளே வைத்தேன். காலையும் மாலையும் வெப்பமானி பார்த்துக் குறிப்பேன்.

சேவியர் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். ரூமில் அவருக்கென்று தனி ஃபிரிட்ஜ் உண்டு. மேல்தட்டு முழுக்க மீன்.

"அண்ணாச்சி, ஒங்க ஃபிரிட்ஜ் பாதி காலியா கெடக்கு. ரெண்டு கிலோ சாளை வச்சுக்கிடட்டா?"

"கதவத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்."

"எம்மாடி! கெழங்குக்கு ஏ.சி. ரூம், மனுசனுக்கு இல்ல. அடுத்த சென்மத்துல நானும் கெழங்காத்தான் பொறக்கணும்."

பதினான்கு வாரமும் நான் அந்த ஃபிரிட்ஜில் ஒரு பால் பாக்கெட்கூட வைக்கவிடவில்லை என்று பெருமையாக எழுத ஆசைதான். ஆனால் குறிப்பேடு பொய் சொல்லாது. நாற்பத்தைந்தாவது நாள் கார்த்திகை பிறந்தது.

நான் வருடா வருடம் மாலை போடுகிறவன். எங்கள் தெருவில் அக்கம்பக்கத்து வில்லாக்களில் வேலை பார்க்கும் நான்கு பேரும் போடுவார்கள். டிரைவர், சமையல்காரர், இன்னொரு தோட்டக்காரர், ஒரு ஏ.சி. மெக்கானிக். நான்தான் குருசாமி. மாலையில் என் ரூமில் கூடி, வெளியே கேட்காத குரலில் சரணம் சொல்லி, பழம் வைத்துப் பூஜை செய்வோம். பூஜைப் பழத்தை எங்கே வைப்பது என்ற பிரச்சினை ஒவ்வொரு வருடமும் வரும். எந்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாலும் கோழி, ஆடு, மீன். விரதப் பழத்தை அதற்குள் வைக்க யாருக்கும் மனம் வராது.

அந்த வருடம் மட்டும் மச்சமாமிச வாசனையே படாத ஒரு ஃபிரிட்ஜ் அந்தத் தெருவில் இருந்தது. ஏன் இருந்தது? நான்தான் ஒன்றரை மாதமாகச் சேவியரின் மீனை அண்டவிடவில்லையே.

"குருசாமி, நம்ம ஃபிரிட்ஜே இருக்கே" என்றார் ஏ.சி. மெக்கானிக். மறுநாள் ஒரு முழு அட்டைப்பெட்டி ஆப்பிள் வந்து இறங்கியது. வாழைப்பழம் வேறு. வைக்க இடம் போதவில்லை. நானே என் கையால் ஐந்தாவது டப்பாவை வெளியே எடுத்து, "சாமி பழத்துக்கு இடம் வேணும், இதை ரெண்டு நாள் எங்கயாவது வைங்க" என்று சேவியரிடம் கொடுத்தேன்.

"எனக்க ஃபிரிட்ஜ்ல வைக்கவா? மேல மீன் கெடக்கு. கெழங்குக்குத் தீட்டாயிராதா?"

"சரி, வைங்க. பன்னிரண்டு போனாப் போகுது."

இந்த வாக்கியத்தை அன்றைக்கு என்ன மனநிலையில் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுத்தமான இடத்தில் நாற்பத்தெட்டு இருக்கிறது என்ற நிம்மதியில் சொன்னேன்.

இருபத்தேழு நாள் போயிற்று. ரெண்டு நாள் என்று கொடுத்த டப்பா மீனோடேயே இருந்தது. டிசம்பர் நடுவில் ஒரு வியாழன் காலை, வெப்பமானி பார்க்கக் கதவைத் திறந்தேன். உள்ளிருந்து பழ வாசனை குப்பென்று வந்தது, ஒரு பழக்கடையே அடைபட்டுக் கிடந்ததுபோல. பக்கத்தில் சேவியர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கதவில் நான் ஒட்டி வைத்திருந்த துண்டுத்தாளைப் பார்த்தவர், சும்மா இருக்காமல் போனை எடுத்து அதன்மேல் காட்டினார். எழுத்தைப் படம் பிடித்து மொழிபெயர்த்துச் சொல்லுமே, அந்த வசதி.

வாயில் நுரையோடு வாசித்தார். "பழங்களோடு... வைக்கக் கூடாது... பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு... கிழங்கின் உள்ளே இருக்கும் பூ மொட்டைக் கொன்றுவிடும்." துப்பிவிட்டு வந்து மறுபடி வாசித்தார். "அண்ணாச்சி, இது திங்கப்படாதுன்னு போட்ட படம் இல்ல, கேட்டியளா."

வாழைக்காய்த் தாரோடு ஒரு பழுத்த பழத்தை வைத்தால் தார் முழுக்கப் பழுத்துவிடும் என்பது ஏழு வயதிலிருந்து எனக்குத் தெரியும். மாங்காயை வைக்கோலில் மூடி வைப்பது தெரியும். பழம் மூச்சு விடும், அந்த மூச்சு பக்கத்தில் இருப்பதை மாற்றும், எல்லாம் தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, கிழங்கு இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டையும் ஒரே ஃபிரிட்ஜில் வைத்த பிறகும் எனக்குள் அவை சந்திக்கவே இல்லை.

செத்ததா பிழைத்ததா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு. பாண்டியனும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு கிழங்கைத் தியாகம் செய்ய வேண்டும். கூர்மையான கத்தியால் முனையிலிருந்து அடிவரை நெடுக்குவாக்கில் சரிபாதியாக வெட்ட வேண்டும். வெங்காயம்போல அடுக்கடுக்காகச் சதை இருக்கும். நடுவில், குட்டி இலைகள் கைகூப்பியதுபோல நிற்க, அவற்றுக்குள் அரிசி மணி அளவில் மொட்டு இருக்கும். அடுத்த வருடத்துப் பூ முழுதாக, இதழும் மகரந்தமும் உட்பட, அதற்குள்ளேயே தயாராக உட்கார்ந்திருக்கும். உயிரோடு இருந்தால் இளம்பச்சையாக ஈரத்தோடு பளபளக்கும்.

ஆப்பிளோடு இருந்ததில் ஒன்றை வெட்டினேன். இலைகள் நன்றாக இருந்தன. நடுவில் மொட்டு இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த வெங்காயச் சருகு போல ஒரு பழுப்புத் துணுக்கு. இரண்டாவதையும் வெட்டினேன். அதே சருகு. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"எனக்க டப்பால ஒண்ண வெட்டும்" என்றார் சேவியர், மீன் ஃபிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து வந்து. மீன் வாசனை அடித்தது. வெட்டினேன். நடுவில் ஒரு பச்சை மணி, ஈரமாக, இப்போதுதான் முகம் கழுவியதுபோல இருந்தது.

அடுத்து சேவியர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே குறித்து வைத்திருக்கிறேன்: "தீட்டுப் பட்டதுதான் பொழச்சிருக்கு அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லல்ல."

அன்று மாலையே மேடத்திடம் சொல்லிவிட முடிவு செய்தேன். நாலரை மணிக்கு அவர் வந்தார். நான் மூன்றடி பின்னால் நடக்காமல் முன்னால் போய் நின்றேன். அதுவே அவருக்குச் சேதி. வாயைத் திறந்தேன். விரல் உயர்ந்தது. காத்திருந்தேன். இறங்கியது.

"எத்தனை?"

"நாற்பத்தெட்டு மாஃபி." இல்லை, போயிற்று என்று பொருள்.

"யார் செய்தது?"

"நான்."

ஆப்பிள், விரதம், வாயு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே விரல் வரவில்லை. முதல்முறையாக என்னை முழுசாகப் பேசவிட்டார். அதுதான் அதிக பயமாக இருந்தது.

"மிச்சம்?"

"பதினொன்று. மீனோடு இருந்தவை."

தடியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். "துலிப், பூக்கடையில் விற்கிறதா? விரிந்ததாக?"

"விற்கிறது மேடம். விமானத்தில் வரும்."

"தண்டு நீளமாக இருக்குமா? மண்ணில் குத்தினால் நிற்குமா?"

"மேடம்!"

விரல் உயர்ந்தது. "கேட்டேன். கேட்பது குற்றமா?" உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. "வேண்டாம். சயீத் சின்ன வயதிலிருந்தே எதையும் பிடுங்கிப் பார்ப்பவன். பதினொன்று என்பது ஒன்றைவிடப் பத்து அதிகம். போ."

கஹ்வா வரவில்லை. ஆனால் என் பெட்டியைக் கட்டச் சொல்லும் ஆளும் வரவில்லை.

ஆப்பிள் அன்றைக்கே தெரு முழுக்கப் பிரசாதமாகப் போயிற்று. ஜனவரி இரண்டாவது வாரத்தில் பதினான்கு வாரம் முடிந்ததும், பதினொன்றைத் தனித்தனித் தொட்டியில் நட்டேன். மணல் பாதி, மக்கிய உரம் பாதி. கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம். வடக்குச் சுவரோரம், காலை வெயில் மட்டும் படும் இடம். வெளித்தொட்டித் தண்ணீர் மதியத்தில் டீ போடும் பதத்துக்கு வந்துவிடும், அதனால் ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர்தான் விட்டேன். மிச்சமிருந்த நாற்பத்தாறையும் மனசு கேட்காமல் ஒரு பாத்தியில் நட்டேன். அவை அழகாக முளைத்தன. கொழுகொழுவென்று இலை விட்டன. நடுவில் ஒன்றுமே வரவில்லை. மேடம் தினமும் அந்தப் பாத்தியின் முன்னால் நின்று, தடியால் தரையை ஒருமுறை தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டு எனக்கு.

பதினொன்றில் நான்கு முளைக்காமலே அழுகின. ஏழில் மொட்டு வந்தது. ஆறு மொட்டுகள் பச்சையாகவே நின்றன. ஒன்றில் மட்டும், பிப்ரவரி கடைசி வியாழன் மாலை, விளிம்பில் சிவப்பு ஏறியது. வெயில் பட்டால் மறுநாள் மதியம் விரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் வெள்ளி. விடிந்தபோது மழை. வருடத்தில் நான்கைந்து நாள் மழை பெய்யும் ஊரில், அதில் ஒரு நாள் அதுவாக இருந்தது. வெயில் இல்லை. குளிர்காற்று. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். பூ முழுச் சிவப்பாகிவிட்டது, ஆனால் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. துலிப் அப்படித்தான். குளிரில் மூடும், சூடு பட்டால் திறக்கும். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பள்ளிவாசலிலிருந்து ஜும்மாவுக்கு அழைப்பு கேட்டது. தொழுகை முடிந்தால் சயீத் வந்துவிடுவார்.

மேடம் ஜன்னலருகே நின்றிருந்தார். "அவன் மொட்டு என்பான்" என்றார்.

"சூடு வேணும் சேவியர். ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம்" என்றேன். அடுப்புப் பக்கத்தில் வைக்கலாமா என்றால், சமையல்கட்டில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஒரு முழு ஆடு வெந்துகொண்டிருந்தது. ஆவியில் இதழ் வெந்துவிடும்.

"வண்டில ஹீட்டர் இருக்கும்லா?" என்றார் சேவியர்.

"இருக்குமா?"

"பதினாறு வருசமா இந்த நாட்டுல வண்டி ஓட்டுறேன். நீலக் கோட்டத் தாண்டிச் செவப்புக் கோட்டுப் பக்கம் திருப்புனதே இல்ல. வாங்க பாப்போம்."

பெரிய வண்டியின் முன் சீட்டில் தொட்டியை வைத்து, சாயாமல் இருக்கப் பெல்ட் போட்டார். நான் பின் சீட்டில் இருந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, திருகைச் சிவப்பின் கடைசிவரை திருப்பினார். முதலில் பதினாறு வருடத் தூசி வந்தது. பிறகு சூடு வந்தது.

ஐந்து நிமிடத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. "ஓய், ஜூலை மாசத்துக்குத் திரும்பப் போன மாதிரி இருக்கு" என்றார் சேவியர், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. எட்டாவது நிமிடம் ஒரு இதழ் விலகியது. நான் வாட்ச்சைப் பார்த்துக் கையிலேயே பேனாவால் எழுதினேன்.

"எழுதாம பூவப் பாரும் அண்ணாச்சி!"

பதிமூன்றாவது நிமிடம் ஆறு இதழும் மெல்ல விலகின. உள்ளே அடியில் மஞ்சளும் நடுவில் கருநிற மகரந்தமும் தெரிந்தன. வெளியே ஹாரன் சத்தம். கேட் திறந்தது. சயீத்தின் வண்டி.

அவர் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பின்னால் ஒருவர், கையில் அளவு நாடாவோடு. பிளாஸ்டிக் புல் கம்பெனி ஆள். மழையில் ஒரு வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருப்பதையும், உள்ளே இரண்டு பேர் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பதையும் சயீத் பார்த்தார். வந்து கதவைத் திறந்தார். அனல் அவர் முகத்தில் அடித்தது. குனிந்தவர் முன் சீட்டைப் பார்த்தார். பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு சிவப்புத் துலிப், முழுசாக விரிந்து உட்கார்ந்திருந்தது.

என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். கையை நீட்டித் தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வேர் பிடித்திருந்தது. மறுபடி கொஞ்சம் அழுத்தி இழுக்கப் போனார்.

"சயீத்!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மேடம் மழையில் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் நின்றிருந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மகன் கையை எடுத்துவிட்டார்.

அளவு நாடாக்காரருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

ஆனால் கதை அன்றைக்கே முடியவில்லை. பந்தயம் பிளாஸ்டிக்கைத்தான் நிறுத்தியது. என் விசாத் தாள் சயீத்தின் மேசையில் அப்படியே கிடந்தது. "பார்க்கலாம் ராஜு" என்றார். விசா முடியும் மார்ச் வாசலில் நின்றது. கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பூ விரிந்த மறுநாள், சனிக்கிழமை மாலை, சயீத் வந்தார். வெள்ளி தவிர வேறு நாளில் அவர் வந்து நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங்ளரில் ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். ஸ்பிரிங்ளரைப் பார்க்காமல் வடக்குச் சுவரோரம் போய் நின்றார். இரண்டாவது மொட்டில் சிவப்பு ஏறியிருந்தது. ஞாயிறு வந்தார். கேட் பூட்டைப் பார்க்க. திங்கள் ஆபீஸ் முடிந்து நேராக வந்தார், இந்தமுறை காரணம் சொல்லவில்லை. மேடம் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இவரும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்வார். போன் சட்டைப்பையில் இருக்கும். அம்மா எதையோ சொல்லச் சொல்ல மகன் சிரிக்கும் சத்தம் பின்கட்டு வரை வந்தது. ஏழு பூவும் ஒன்று மாற்றி ஒன்றாக விரிந்து, மொத்தம் பதினொரு நாள் நின்றன.

பதினோராம் நாள் மாலை கடைசிப் பூவும் இதழை உதிர்த்தது. சயீத் ஓர் இதழைப் பொறுக்கி எடுத்தார். "இந்தக் கிழங்கு அடுத்த வருடம் பூக்குமா?"

"இந்த ஊரில் பூக்காது. தூர எறிய வேண்டியதுதான்" என்றேன்.

"ஐந்து மாத வேலை. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு வண்டி. எல்லாம் பதினொரு நாளுக்கா?" அவருக்கு நிஜமாகவே கணக்குப் பிடிபடவில்லை.

மேடம் விரலை உயர்த்தினார். இந்தமுறை மகனைப் பார்த்து.

"எத்தனை நாள் வந்தாய்?" என்றார்.

சயீத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விரல் இறங்கவில்லை. அவர் கையிலிருந்த இதழோடு எழுந்தார். வழக்கமான "யல்லா" வரவில்லை. குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். வண்டிப் பக்கம் பாதி தூரம் போனவர் திரும்பினார்.

"ராஜு, அடுத்த வருடத்துக்கு எத்தனை கிழங்கு வேண்டும்?"

"இருநூறு" என்றேன், யோசிக்காமல்.

"நாளைக்கு என் ஆபீஸுக்குப் பாஸ்போர்ட் கொண்டு வா."

மறுநாள் காலை ஆபீஸ் எட்டு மணிக்குத்தான் திறக்கும். நான் ஆறே காலுக்கே வாசலில் நின்றேன்.